உள்ளறையில் இருக்கும் பிள்ளை



பாஸ்குத் திருநாளுக்குப் பின் வழக்கம்போல் தோட்டத்து லைன் வீடுகளை மந்திரிக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டில் தீர்த்தம் தெளித்து முடித்து, குடும்பப் புத்தகத்தைத் திறந்து, "வீட்டில் எத்தனை பேர் அம்மா?" என்று கேட்டேன். "நாலு பேர், சாமி" என்றாள் தாய். அவள் சொல்லி வாய் மூடுமுன், உள்ளறை வாசலில் தொங்கிய பழைய சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. தாயின் முகம் வாடிற்று. சேலையை விலக்கினேன். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பாயில் மல்லாந்து கிடந்தான். கால்கள் கத்தரிக்கோலைப் போல் ஒன்றன்மேல் ஒன்று பின்னியிருந்தன. என்னைக் கண்டதும் சிரித்தான்.

அன்று மாலை திரும்பி வந்து ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினேன். அவன் பெயர் அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. ஞானோபதேச வகுப்புப் பட்டியலில் இல்லை. அரசாங்கத்தின் அடையாள அட்டைப் பட்டியலிலும் இல்லை. அந்த வீட்டை அதற்கு முன் இரண்டு வருஷம் நான் மந்திரித்திருக்கிறேன். இரண்டு முறையும் அந்தச் சேலை அங்கே தொங்கிற்று. நான் கேட்கவில்லை. ஆகையால் குற்றத்தை முதலில் என் கணக்கில் எழுதிக்கொண்டு இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறேன்.

1. யார் இந்தப் பிள்ளைகள்?

குறைபாடு என்றதும் கண் தெரியாதவரையும் கால் நடவாதவரையும் மாத்திரம் நாம் நினைக்கிறோம். 1995-ம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைகளைச் சொல்லிற்று. அதன் இடத்தில் வந்த 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்லுகிறது. பார்வைக் குறைவு, காது கேளாமை, கை கால் ஊனம், அறிவுத்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பேச்சுக் குறைபாடு, தசைச் சிதைவு, கற்றல் குறைபாடு ஆகியவை அவற்றுள் சில.

இவற்றில் சில கண்ணுக்குத் தெரியா. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாமல், "மக்கு" என்று பட்டம் வாங்கிய பையனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத பெண்ணைப் பிடிவாதக்காரி என்கிறோம். அவளுக்குக் காது கேளாமல் இருக்கலாம். பலகையிலுள்ளதைத் தப்பாக எழுதும் பிள்ளைக்கு ஒரு கண்ணாடியே போதுமானதாயிருக்கலாம். இவர்கள் பிரம்படி வாங்கிப் படிப்பை விட்டு, காப்பிப் பழம் பறிக்கப் போய்விடுகிறார்கள்.

2011-ம் ஆண்டு ஜனக் கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் குறைபாடுள்ளவர்கள் 2 கோடியே 68 லட்சம் பேர். இது நூறு பேருக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல். நம் மலையில் அறுபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் உண்டு; தோட்டத்து லைன்கள் வேறு. நாகலூரானாலும் செம்மநத்தமானாலும் மாரமங்கலமானாலும், இப்படி ஒரு பிள்ளையாவது இல்லாத ஊர் இராது. "எங்கள் பக்கத்தில் யாருமில்லை" என்று சொல்லுகிறவர், பெரும்பாலும் உள்ளறையைப் பார்க்காதவர்.

2. யார் செய்த பாவம்?

இப்படிப் பிள்ளை பிறந்தால் முதலில் எழும் கேள்வி இதுதான். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாள் என்பார்கள். மாமியார் சாபம் என்பார்கள். தகப்பன் பாம்பை அடித்தான் என்பார்கள். எப்படிச் சுற்றி வந்தாலும் பழி கடைசியில் தாயின் தலையில் விழுகிறது. நான் பார்த்த அந்தத் தாய் பிள்ளையை மறைத்ததும் அன்பில்லாமையால் அல்ல. ஊர் வாய்க்குப் பயந்தே மறைத்தாள்.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். சேசுநாதர் அவனையும் பழிக்கவில்லை, அவன் பெற்றோரையும் பழிக்கவில்லை. கேள்வியையே தள்ளிவிட்டு, அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். நமக்கு அந்த ஒரு பாடம் போதும்.

மெய்யான காரணங்கள் வேறு. பிரசவம் நீண்டு, பிள்ளை பிறந்தவுடன் அழாமல் மூச்சுத் திணறினால் மூளைக்குச் சேதம் வரலாம். பிறந்த சில நாளில் கடுமையாய் ஏறும் மஞ்சள் காமாலையைக் கவனியாமல் விட்டால் மூளையும் காதும் கெடலாம். கர்ப்பகாலத்தில் தாய்க்கு ரூபெல்லா அம்மை கண்டால் பிள்ளையின் கண், காது, இருதயம் பழுதுபடலாம். உணவில் அயோடின் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். மலை மண்ணில் அயோடின் மழையில் கரைந்து போவது சாதாரணம். ஆகவே மலையில் இருக்கிறவர்கள் அயோடின் கலந்த உப்பையே வாங்கவேண்டும். நெருங்கிய சொந்தத்தில் தலைமுறை தலைமுறையாய்க் கலியாணம் செய்வதும் சில பரம்பரை நோய்களுக்கு இடங்கொடுக்கிறது. இத்தனைக்குப் பிறகும், காரணமே தெரியாத பிள்ளைகள் பலர். அவர்களுடைய தாய்மாரை நாம் நீதி விசாரிக்கவேண்டியதில்லை.

தடுக்கக்கூடியவற்றைத் தடுக்கலாம் என்பதற்குப் போலியோவே சாட்சி. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் கால் சூம்பிய பிள்ளைகளைப் பார்த்தோம். சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுத்ததினால், 2014-ம் ஆண்டு மார்ச் மாதம் இந்தியா போலியோ இல்லாத தேசம் என்ற சான்று பெற்றது. தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்ந்த ஊசி 2017-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இலவசமாகப் போடப்படுகிறது. ஊசி போட்டால் காய்ச்சல் வரும், ஒரு நாள் கூலி போகும் என்று விட்டுவிடாதீர்கள்.

3. தாமதம் ஏன் ஆபத்து?

"பேசாத பிள்ளை அஞ்சு வயசில் பேசும், அவன் தாத்தாவும் அப்படித்தான்" என்று கிழவிகள் ஆறுதல் சொல்லுவார்கள். ஆறுதல் நல்லது; காத்திருப்பதுதான் கெடுதல். குழந்தையின் மூளை முதல் சில வருஷங்களில்தான் மிக வேகமாய் வளருகிறது. அந்த வருஷங்களில் கொடுக்கும் பயிற்சி பச்சைக் களிமண்ணைப் பிடிப்பது போன்றது.

ஆகையால் தாய்மார் இவற்றைக் கவனிக்கவேண்டும். பலத்த சத்தத்துக்கும் திடுக்கிடாத குழந்தை. மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரியாத குழந்தை. ஒன்பது மாதம் முடிந்தும் தானாக உட்காராத குழந்தை. பதினெட்டு மாதம் முடிந்தும் நடவாத குழந்தை. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை. பேசிக்கொண்டிருந்து பேச்சை நிறுத்திவிட்ட குழந்தை. இவர்களில் எவரையும் ஒரு மாதம்கூடத் தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள்.

இரண்டு உதாரணம் சொல்லுகிறேன். பாதம் உள்ளே வளைந்து பிறக்கும் பிள்ளைகள் உண்டு. பிறந்த சில வாரங்களுக்குள் கொண்டு போனால், வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிப் போட்டு, பெரும்பாலும் குதிகால் நரம்பில் ஒரு சிறு வெட்டு மட்டும் செய்து, பாதத்தை நேராக்கிவிடுகிறார்கள். பின்பு விசேஷச் செருப்பை முதலில் இரவும் பகலும், அதன்பின் நாலு வயது வரையில் இரவிலும் அணியவேண்டும். அவ்வளவுதான். கட்டு அவிழ்த்தபின் செருப்பைப் போடாமல் விட்டால் பாதம் மறுபடி வளையும். பெற்றோர் தவறுவது அநேகமாய் இந்தக் கடைசிப் படியிலேதான்.

இரண்டாவது, காது. பிறவியிலேயே முற்றிலும் கேளாத குழந்தைக்கு உட்செவியில் கருவி பொருத்தும் சிகிச்சை உண்டு. அதிகச் செலவுள்ள அந்தச் சிகிச்சையைத் தமிழ்நாட்டு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள். கருவி பொருத்தினபின் நீண்ட காலம் பேச்சுப் பயிற்சி வேண்டும். எட்டு வயதில் கண்டுபிடித்தால் அந்த வாசல் மூடிப்போகும். அப்போதும் சைகை மொழியும் காது கேளாதோர் பள்ளியும் உண்டு. ஆனால் முதல் வாசலை நாமாக ஏன் மூடவேண்டும்?

4. முன்னோர் காட்டிய வழி

பேசாதவருக்குப் படிப்பு வராது என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவி பேத்ரோ போன்ஸ் தே லெயோன் காது கேளாத பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கற்பித்தார். 18-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் குருவாகிய தெலெப்பே, ஏழைகளான காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்துச் சைகை மூலமாகவே கற்பிக்கும் பள்ளியை நடத்தினார். நம் தேசத்தில் 1880-களில் பம்பாய் மேற்றிராணியார் லியோ மெய்ரின் ஆண்டகை காது கேளாதோருக்குப் பள்ளி திறந்தார். தமிழ் நாட்டில் பாளையங்கோட்டையில் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி பிரசித்தி பெற்றது. நல்லதை யார் செய்தாலும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் மலைக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. 1917-ம் ஆண்டு முதல் ஏற்காட்டில் மோன்போர்ட் பள்ளியை நடத்தி வருகிற அர்ச். கபிரியேல் சபைச் சகோதரர்கள், பிரான்சு தேசத்தில் 19-ம் நூற்றாண்டிலேயே காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள். சென்னை அடையாற்றில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் உள்ள அர்ச். லூயிஸ் நிலையம் அதே சபையாருடையது. ஏற்காடு பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊர். 1894-ம் ஆண்டு முதல் இருதய ஆண்டவர் கன்னியர் மடத்துப் பள்ளியும் இங்கே இருக்கிறது. எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இங்கே படிக்க வருகிறார்கள். அப்படிப்பட்ட மலையில், லைன் வீட்டில் ஒரு சேலைக்குப் பின்னால் ஒன்பது வயதுப் பிள்ளை எழுத்தறியாமல் கிடக்கலாமா? எந்தப் பள்ளியையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. வராத பிள்ளையைப் பள்ளிக்கூடம் எப்படி அறியும்? வீடு வீடாய்ப் போகிறவன் நான்; அடுத்த வீட்டில் இருக்கிறவர்கள் நீங்கள்.

5. சட்டம் என்ன கொடுக்கிறது?

அநேகருக்குத் தெரியாததினால் இதைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, பள்ளி. 2016-ம் ஆண்டுச் சட்டப்படி, 40 சதவிகிதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரையில் இலவசக் கல்வி உரிமையாகும். அருகிலுள்ள சாதாரணப் பள்ளியோ, விசேஷப் பள்ளியோ, விருப்பம் போல் சேர்க்கலாம். அரசாங்க நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணங்காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. வெளியே வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி கொடுக்கும்படி, கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ம் ஆண்டு திருத்தம் செய்யப்பட்டது. பிள்ளையின் பெயர் அருகிலுள்ள பள்ளியில் இருக்கும்; வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கு வந்து பயிற்சி தருவார்கள்.

இரண்டாவது, மருத்துவம். 2013-ம் ஆண்டு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். குறை கண்டால் மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். நமக்குப் பெரிய ஆஸ்பத்திரி சேலத்து அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி.

மூன்றாவது, அடையாள அட்டை. மருத்துவர் சான்று பெற்று, தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேலத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இதற்குப் பொறுப்பு. பேருந்துச் சலுகை, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, கல்வி உதவித்தொகை எல்லாவற்றுக்கும் இந்த அட்டையே சாவி. அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்கும் கடுமையாய்ப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023-ம் ஆண்டு மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

நாலாவது, பரீட்சை. பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைக்குக் குறைபாட்டின் தன்மைக்கேற்பக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுதுகிறவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. பரீட்சைக்கு வெகு முன்பே தலைமையாசிரியர் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும்.

இத்தனையும் இருந்தும் உள்ளறைப் பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராதது ஏன்? நன்றாய்க் கவனியுங்கள். மருத்துவக் குழு பள்ளிக்கு வருகிறது. பிள்ளை பள்ளியில் இல்லை. சிறப்பாசிரியர் பள்ளிப் பதிவேட்டைப் பார்த்து வருகிறார். பெயர் பதிவேட்டில் இல்லை. உதவித்தொகை அட்டையைப் பார்த்து வருகிறது. அட்டை வாங்கச் சான்று வேண்டும். சான்றுக்குச் சேலம் போகவேண்டும். தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும், ஒரு நாள் கூலியை விடவேண்டும். சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்து கிடக்கிறது. அந்த முதல் கண்ணி, பிள்ளையின் பெயரை ஒரு புத்தகத்தில் எழுதுவதுதான்.

6. சில ஆட்சேபனைகளும் விடைகளும்

ஆட்சேபனை: "படித்து அவன் கலெக்டராகப் போகிறானா?"
விடை: தன் கையால் சாப்பிடுவதும், தானே கழிப்பறைக்குப் போவதும், பேருந்தில் ஏறிப் பணங்கொடுத்துச் சில்லறை வாங்குவதும் படிப்புத்தான். தாய் தகப்பன் எப்போதும் இருக்கப் போவதில்லை. அவர்கள் கண் மூடினபின் பிள்ளை பிறர் கையை எவ்வளவு குறைவாய் எதிர்பார்க்கிறதோ, அவ்வளவு நல்ல படிப்பு.

ஆட்சேபனை: "மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடும்."
விடை: ஆசிரியர் ஒருவரையே எல்லாம் செய்யச் சொன்னால் சிரமந்தான். சிறப்பாசிரியரின் துணையைக் கேட்டுப் பெறவேண்டும். பக்கத்துப் பிள்ளையை வாசித்துக் காட்டச் சொன்னால், வாசிக்கிற பிள்ளைக்கும் பாடம் இரண்டு முறை பதிகிறது. பொறுமையை வேறு எந்தப் பாடப் புத்தகத்தில் கற்பிப்பீர்கள்?

ஆட்சேபனை: "தங்கைக்கு மாப்பிள்ளை கிடையாது."
விடை: இது மெய்யான பயம்; இதை நான் அற்பமாய் எண்ணவில்லை. ஆனால் மறைத்து வைத்த செய்தி கலியாணத்துக்கு முந்தின வாரம் வெளிவரத்தான் செய்யும். பகிரங்கமாய் வளர்த்த பிள்ளையைப் பார்த்துப் பெண் கேட்க வருகிற குடும்பமே அந்தப் பெண்ணுக்கு ஏற்ற குடும்பம். ஊர் வாயை அடைக்கவேண்டியது அந்தத் தாய் அல்ல, நாம்.

ஆட்சேபனை: "வலிப்பு வருகிறது. பேய் பிடித்திருக்கிறது."
விடை: வலிப்பு மூளையில் உண்டாகும் நோய். தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு அடங்கும். வலிப்பு வரும்போது சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். தலை அடிபடாமல் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். என்னிடம் செபத்துக்கு வாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மாத்திரையைப் போட்டுவிட்டு வாருங்கள்.

7. வீட்டில் செய்யவேண்டியது

பயிற்சியாளர் வாரத்துக்கு ஒரு நாள் வந்தாலும், மற்ற ஆறு நாளும் ஆசிரியர் தாய்தான். பெரிய செலவில்லாத சில முறைகளைச் சொல்லுகிறேன்.

படுக்க வைத்துச் சோறு ஊட்டாதீர்கள். புரையேறி நெஞ்சில் இறங்கும். முதுகுக்கு அணை கொடுத்து, தலை சற்று முன்னே சாயும்படி உட்கார வைத்து ஊட்டுங்கள். கரண்டியைப் பிடிக்க முடியாவிட்டால் காம்பில் துணி சுற்றிப் பருமனாக்குங்கள். காது மந்தமான பிள்ளையிடம் வெளிச்சத்தில் முகத்துக்கு நேரே நின்று பேசுங்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து கத்துவதில் பிரயோசனமில்லை. அறிவு மந்தமான பிள்ளைக்கு ஒரு சமயத்தில் ஒரு காரியம் மட்டும் சொல்லுங்கள். "கையைக் கழுவி, தட்டை எடுத்து, தம்பியைக் கூப்பிடு" என்றால் மூன்றும் நடவாது.

சட்டை போடக் கற்பிப்பதற்கு ஒரு நல்ல வழி உண்டு. முதலிலிருந்து கற்பியாமல் முடிவிலிருந்து கற்பிக்கவேண்டும். எல்லாப் பொத்தானையும் நீங்கள் போட்டு, கடைசிப் பொத்தானை மாத்திரம் பிள்ளை போடட்டும். "நீயே போட்டுவிட்டாய்!" என்று மெச்சுங்கள். அது வந்தபின் கடைசி இரண்டு பொத்தான், பின்பு மூன்று. இப்படிச் செய்தால் ஒவ்வொரு நாளும் பிள்ளை வேலையை முடித்த சந்தோஷத்தோடு எழுந்திருக்கும். முதலிலிருந்து கற்பித்தால் தோல்வியோடு எழுந்திருக்கும்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நொண்டி", "செவிடு", "லூசு" என்று கூப்பிடுவதை நம் வீதிகளில் கேட்கிறேன். ஞானஸ்நானத் தொட்டியில் நாம் வைத்த பெயர் அதுவா? பிள்ளையைப் பிள்ளையின் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். இதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.

8. ஞானோபதேசமும் புது நன்மையும்

இங்கேயும் என் குற்றம் ஒன்று உண்டு. முன்பு வேறொரு பங்கில் இருந்தபோது, அறிவு மந்தமான ஒரு சிறுமியைத் தாய் புது நன்மை வகுப்புக்கு அழைத்து வந்தாள். மந்திரங்களைச் சொல்லக் கேட்டேன், சொல்லவில்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். அடுத்த வருஷம் அவர்கள் வரவில்லை. நான் மாற்றலாகி வந்துவிட்டேன். அந்தச் சிறுமியின் முகம் பூசையில் சில வேளை என் நினைவில் வருகிறது.

திருச்சபையின் படிப்பினை என்னைவிட இரக்கமுள்ளது. 1910-ம் ஆண்டு பரிசுத்த பிதா அர்ச். 10-ம் பத்திநாதர், சிறுவர்கள் சாதாரண அப்பத்துக்கும் திவ்ய நற்கருணைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தங்கள் வயதுக்கேற்ப அறிந்தாலே போதும் என்று வாசலைத் திறந்தார். 2007-ம் ஆண்டு 16-ம் ஆசீர்வாதப்பர், அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கும் கூடியமட்டும் நற்கருணை கொடுக்கவேண்டுமென்றும், தங்கள் குடும்பத்தின் விசுவாசத்தோடு சேர்ந்து அவர்கள் அதைப் பெறுகிறார்களென்றும் எழுதினார். 2020-ம் ஆண்டு வெளியான ஞானோபதேச வழிகாட்டி, இவர்களுக்குத் தேவதிரவிய அநுமானங்களை மறுக்க ஒருவருக்கும் உரிமையில்லை என்று தெளிவாய்ச் சொல்லுகிறது.

ஆகவே உபதேசியார்களுக்கும் ஆசிரியைகளுக்கும் சொல்லுகிறேன்: மனப்பாடம் வராவிட்டால் படங்காட்டிக் கற்பியுங்கள். சிலுவை அடையாளத்தையும் சட்டைப் பொத்தானைப் போல் கடைசி அசைவிலிருந்து கற்பிக்கலாம். பூசை வேளையில் ஒரு பிள்ளை சத்தமிட்டால், முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்க்கிற வழக்கத்தை எல்லோரும் விட்டுவிடுவோம். அந்த ஒரு பார்வைக்கே சில குடும்பங்கள் கோவிலுக்கு வராமல் நின்றுவிட்டன.

பெற்றோரால் மறைக்கப்பட்ட ஒரு பிள்ளையைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருப்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1287-ம் ஆண்டு இத்தாலியில் பிறந்த மார்கரீத் கண் பார்வையில்லாதவள், முதுகு வளைந்தவள். மேன்குலத்தாரான பெற்றோர் வெட்கப்பட்டு அவளை ஓர் அறையில் அடைத்து வைத்து, பின்பு காஸ்தெல்லோ நகரத்தில் கைவிட்டுப் போனார்கள். அந்நகரத்து ஏழைகள் அவளை முறை வைத்துத் தங்கள் வீடுகளில் வளர்த்தார்கள். அவள் பின்னாளில் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கற்பித்தாள். 2021-ம் ஆண்டு பரிசுத்த பிதா பிரான்சிஸ் அவளை அர்ச்சியசிஷ்டவளாக அறிவித்தார். அவளைக் காப்பாற்றினவர்கள் பெரிய தனவந்தர்கள் அல்ல, நம்மைப் போன்ற அண்டை வீட்டார்தான்.

9. நம் பங்கின் தீர்மானங்கள்

முதலாவது, ஒவ்வொரு அன்பியமும் தன் எல்லைக்குள் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை இந்த மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். கிறிஸ்தவப் பிள்ளைகளை மாத்திரம் அல்ல. மலையாளிக் குடிகளின் பிள்ளைகளையும், தோட்டத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் வெளியூரார் பிள்ளைகளையும் எழுதுங்கள். பெற்றோரின் சம்மதம் கேட்டே எழுதுங்கள். பட்டியலைக் கோவில் பலகையில் ஒட்டமாட்டோம்.

இரண்டாவது, வின்சென்ட் தே பவுல் சபையார் அந்தக் குடும்பங்களைச் சேலத்துக்கு அழைத்துப்போக வண்டி அமர்த்துவார்கள். நாலு குடும்பம் சேர்ந்து போனால் செலவும் குறையும், தாய்க்குத் தனிமையும் இராது. மருத்துவச் சான்றுக்குரிய நாளை முன்கூட்டியே விசாரித்துப் போகவேண்டும். போய்த் திரும்பி வந்தால் இரண்டாம் முறை அவர்கள் வரமாட்டார்கள்.

மூன்றாவது, மரியாயின் சேனையார் வாரத்தில் ஒரு பிற்பகல் அந்தப் பிள்ளையோடு இருந்து, தாயைச் சந்தைக்கோ கோவிலுக்கோ போகவிடுங்கள். பத்து வருஷமாய் ஒரு மணி நேரம் ஓய்வறியாத தாய்மார் நம் நடுவில் இருக்கிறார்கள்.

நாலாவது, தோட்ட மேஸ்திரிமாருக்கு ஒரு வேண்டுகோள். பழம் பறிப்புக் காலத்தில் லீவு கொடுப்பது கஷ்டம் என்பது தெரியும். ஆயினும் பிள்ளையின் ஆஸ்பத்திரி நாளுக்காக வேலையை விட்ட தாயின் பெயரை அடுத்த நாள் அடித்துவிடாதீர்கள்.

ஐந்தாவது, கோவில் வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப் பாதை. இது என் பொறுப்பு; மழைக்கு முன் முடிப்பேன்.

முடிவாக, அந்தச் சிறுவனைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் நடக்கவில்லை. நடப்பான் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவுமில்லை. இன்னும் சிறிய வயதில் வந்திருந்தால் கால்களின் இறுக்கம் இவ்வளவு ஆகியிராது என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டுத் தாய் அழுதாள். எனக்கும் சொல்ல வார்த்தையில்லை. அவன் பெயர் இப்போது அருகிலுள்ள ஆரம்பப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. சிறப்பாசிரியை வீட்டுக்கு வருகிறார். அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. தோட்டத்துத் தச்சர் சில்வர் ஓக் பலகையில் ஒரு மூலை நாற்காலி செய்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை. அதில் உட்கார்ந்து, துணி சுற்றிய கரண்டியால் பாதி சிந்தியும் பாதி உண்டும் அவன் தானே சாப்பிடுகிறான். அந்த வேளையில் தாயும் தன் தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறாள். இதுவரை அவளுக்குச் சூடான சோறு கிடைத்ததில்லையாம்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சேலையைக் காணோம். குடும்பப் புத்தகத்தில் "4" என்றிருந்ததை அடித்து "5" என்று எழுதினேன்.

ஞாயிறு பூசைக்குப் பின் பத்து மணி வரையில் பங்கு இல்லத்தில் இருப்பேன். இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ இருந்தால் வந்து சொல்லுங்கள். வரக் கூச்சமானால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்புங்கள், நானே வருகிறேன்.

உங்கள் பங்குக் குரு